முடிவில்லா ரோந்தில் இருப்பவர்கள்: மறைந்த நீர்மூழ்கி வீரர்களை நினைவுகூர்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாரைப் பற்றியது?

அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பணியாற்றி இறந்தவர்களைப் பற்றியது. கப்பலோடு சேர்ந்து கடலுக்கடியில் போனவர்கள் ஒரு வகை. பணி முடித்து வீடு திரும்பி, வேறு வேலை பார்த்து, பிள்ளைகளை வளர்த்து, வயதாகிப் படுக்கையில் இறந்தவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினருக்குக் கல்வெட்டும் மணியோசையும் இருக்கின்றன. இரண்டாம் வகையினர் பல மடங்கு அதிகம். ஆனால் அவர்களில் பலருக்கு உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த ஒரு சிறிய இரங்கல் குறிப்புதான் மிச்சம். எப்படி இறந்தார்கள் என்பதோடு நிறுத்தாமல், எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

'முடிவில்லா ரோந்து' என்று ஏன் சொல்கிறார்கள்?

இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகள் பெரும்பாலும் தனியாகத்தான் போயின. எதிரிக்கு இடம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் வானொலியில் அதிகம் பேசமாட்டார்கள். திரும்ப வேண்டிய நாள் வரும், போகும். தளத்திலிருந்து கூப்பிட்டுப் பார்ப்பார்கள், பதில் இருக்காது. கொஞ்ச காலம் காத்திருந்துவிட்டு, 'வர வேண்டிய நாள் கடந்துவிட்டது, மூழ்கியதாகக் கருதப்படுகிறது' என்று கடற்படை அறிவிக்கும். வீட்டுக்கு ஒரு தந்தி போகும். உடல் கிடையாது, இடம் தெரியாது, பல சமயம் தேதியும் காரணமும்கூடத் தெரியாது.

அப்படிப் போனவர்களை இறந்துவிட்டார்கள் என்று உறுதியாகச் சொல்லவும் கூட இருந்தவர்களுக்கு மனம் வரவில்லை. ரோந்துக்குப் போனார்கள், இன்னும் அதே ரோந்தில்தான் இருக்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் எந்த நீர்மூழ்கி வீரர் எப்படி இறந்தாலும், மருத்துவமனையில் 90 வயதில் இறந்தாலும்கூட, அவர் முடிவில்லா ரோந்துக்குப் புறப்பட்டார் என்று சொல்வதே வழக்கமாகிவிட்டது.

எத்தனை பேர் இப்படித் திரும்பாமல் போனார்கள்?

இரண்டாம் உலகப் போரில் மட்டும் 52 நீர்மூழ்கிகளை அமெரிக்கா இழந்தது. அவற்றோடு போனவர்கள் ஏறக்குறைய 3,500 பேர். போர் ரோந்துக்குப் போனவர்கள் மொத்தமே சுமார் 16,000 பேர்தான். அதாவது ஐந்தில் ஒருவருக்கும் மேல் திரும்பவில்லை. அமெரிக்க ஆயுதப் படைகளில் இழப்பு விகிதம் மிக அதிகமாக இருந்த பிரிவுகளில் இது ஒன்று. கடற்படையில் சுமார் இரண்டு சதவீதமே இருந்த இந்தப் பிரிவு, ஜப்பான் இழந்த வணிகக் கப்பல்களின் கொள்ளளவில் பாதிக்கும் மேல் மூழ்கடித்தது.

போருக்கு வெளியேயும் இழப்புகள் உண்டு. 1915 மார்ச் 25 அன்று ஹொனலுலுவுக்கு அருகே 'எஃப்-4' என்ற நீர்மூழ்கி 21 பேரோடு மூழ்கியது. அமெரிக்கா பணியில் இழந்த முதல் நீர்மூழ்கி அதுதான். பிறகு மேலே கொண்டுவந்தார்கள். ஆனால் நான்கு பேரை மட்டுமே அடையாளம் காண முடிந்தது. மற்ற 17 பேரும் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டார்கள்.

1963 ஏப்ரல் 10 அன்று அணுசக்தியில் இயங்கிய 'த்ரெஷர்' ஆழ்சோதனையின்போது மூழ்கியது. உள்ளே இருந்தவர்கள் 129 பேர். அவர்களில் 17 பேர் ராணுவத்தினரே அல்ல. பழுதுபார்ப்பு முடிந்ததைச் சரிபார்க்கப் போன கப்பல்தளப் பொறியாளர்களும் தொழில்நுட்ப ஊழியர்களும். 1968 மே 22 அன்று 'ஸ்கார்ப்பியன்' 99 பேரோடு அசோர்ஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே மறைந்தது. த்ரெஷருக்குப் பிறகு 'சப்சேஃப்' என்ற கடுமையான பாதுகாப்புத் திட்டம் வந்தது. அந்தச் சான்று பெற்ற எந்த நீர்மூழ்கியும் இன்றுவரை மூழ்கவில்லை. ஸ்கார்ப்பியன் அந்தச் சான்றைப் பெற்றிருக்கவில்லை. இன்று ஆழத்துக்குப் போய்விட்டு மேலே வரும் ஒவ்வொரு நீர்மூழ்கி வீரரும் அந்த 129 பேருக்குக் கடன்பட்டவர் என்று நான் நினைக்கிறேன்.

மணி அடிக்கும் சடங்கு எப்படி நடக்கும்?

மிக எளிமையாக. ஒரு கப்பல் மணி, ஒரு பட்டியல், வாசிக்க ஒருவர், மணி அடிக்க ஒருவர். நீர்மூழ்கியின் பெயர், மறைந்த நாள், உள்ளே இருந்தவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றை வாசிப்பார்கள். ஒரு முறை மணி அடிப்பார்கள். ஓசை அடங்கும்வரை காத்திருந்து அடுத்த பெயரை வாசிப்பார்கள். இடையில் யாரும் கைதட்ட மாட்டார்கள், பேச மாட்டார்கள். எல்லாப் பெயர்களும் முடிந்த பிறகு, பட்டியலில் இல்லாத, வீடு திரும்பி இறந்த எல்லோருக்குமாகக் கடைசியாக ஒரு முறை மணி அடிக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு.

மே மாதக் கடைசித் திங்கட்கிழமை வரும் நினைவு நாளில் முழுப் பட்டியலையும் வாசிப்பார்கள். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது உள்ளூர்ச் சங்கங்களின் மாதக் கூட்டங்கள்தான். அமெரிக்க நீர்மூழ்கி வீரர்கள் சங்கத்துக்கு நாடெங்கும் கிளைகள் இருக்கின்றன. கணக்கு வழக்கு, அடுத்த மாத விருந்து, யார் உடம்பு சரியில்லாமல் இருக்கிறார் என்று பேசுவதற்கு முன்பு, அந்த மாதத்தில் மறைந்த நீர்மூழ்கிகளின் பெயர்களை வாசித்து மணி அடித்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். வந்திருப்பவர்கள் பத்துப் பேர் இருந்தாலும் சரி. வருடம் முழுக்க இப்படி மாதந்தோறும் நினைப்பது, ஒரு நாள் மட்டும் பெரிதாகக் கொண்டாடுவதைவிடப் பெரிய விஷயம்.

நினைவிடங்கள் எங்கே இருக்கின்றன?

பேர்ல் ஹார்பரில் 'போஃபின்' என்ற நீர்மூழ்கியை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அதன் அருகே 52 நீர்மூழ்கிகளுக்கும் தனித்தனிக் கற்கள் உண்டு. கனெக்டிகட் மாநிலத்தின் கிராட்டன் நகரிலும் கலிஃபோர்னியாவின் சீல் பீச்சிலும் தேசிய நினைவிடங்கள் இருக்கின்றன. த்ரெஷர் பழுதுபார்க்கப்பட்ட தளத்துக்குப் பக்கத்தில், மெய்ன் மாநிலத்தின் கிட்டெரியில் 129 அடி உயரக் கொடிக்கம்பம் நிற்கிறது, ஒருவருக்கு ஓர் அடி என்ற கணக்கில். ஆர்லிங்டனில் த்ரெஷருக்கான நினைவுக்கல் வந்தது 2019இல்தான்.

கடலே இல்லாத ஊர்களிலும் நினைவிடங்கள் உண்டு. இரண்டாம் உலகப் போர் நீர்மூழ்கி வீரர்களின் சங்கம் மறைந்த நீர்மூழ்கிகளை மாநிலங்களுக்குப் பங்கிட்டு, உங்கள் பங்குக்கு வந்ததை நீங்கள் நினைவில் வைத்திருங்கள் என்று ஒப்படைத்தது. அதனால் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரப் பூங்கா ஒன்றில் 'ரோபாலோ'வுக்காக ஒரு டார்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டு) வைக்கப்பட்டிருக்கிறது. நியூ மெக்சிகோவின் வறண்ட நிலத்தில், ஆல்பகர்க்கி நகரில் 'புல்ஹெட்' பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. புல்ஹெட் 84 பேரோடு மறைந்தது 1945 ஆகஸ்ட் 6 அன்று, ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த அதே நாள். போரில் அமெரிக்கா இழந்த கடைசி நீர்மூழ்கி அது. பூங்காவில் விளையாட வரும் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே வளர்கிறார்கள் என்பது நல்ல ஏற்பாடுதான்.

மறைந்த நீர்மூழ்கிகளை இப்போதும் தேடுகிறார்களா?

ஆம். இந்த 20 ஆண்டுகளில் பல கிடைத்திருக்கின்றன.

'கிரனியன்' 1942 ஜூலையில் அலாஸ்காவின் கிஸ்கா தீவருகே 70 பேரோடு காணாமல் போனது. அதன் தளபதி மேனர்ட் ஏபல். அவருடைய மூன்று மகன்களும் முதுமை எட்டிய பிறகு, சொந்தச் செலவில் தேடலுக்கு ஏற்பாடு செய்தார்கள். 2007இல் கப்பல் கிடைத்தது. அப்பாவின் கப்பல் கிடைத்துவிட்டது என்று அதோடு விட்டுவிடவில்லை. கூடவே, தன்னார்வமாக வந்த சில பெண்கள் மற்ற வீரர்களின் உறவினர்களையும் தேடிக் கண்டுபிடித்துச் செய்தி சொன்னார்கள். பழைய முகவரிகள், கல்யாணத்துக்குப் பின் மாறிப்போன பெயர்கள், இறந்துபோன தங்கைகளின் பேரப்பிள்ளைகள் என்று ஒவ்வொரு நூலாகப் பிடித்துப் போக வேண்டிய வேலை அது. கடலடியில் கப்பலைத் தேடியதற்கு ஈடான வேலை என்றே சொல்வேன்.

'கிரேபேக்' கதை வேறு மாதிரி. 80 பேரோடு 1944 பிப்ரவரியில் மறைந்தது. போருக்குப் பின் ஜப்பானிய ஆவணத்தை மொழிபெயர்த்தபோது தீர்க்கரேகையில் ஓர் இலக்கம் தவறிவிட்டது. அதனால் பல பத்தாண்டுகள் எல்லோரும் அதை வேறெங்கோ இருப்பதாக நினைத்தார்கள். ஜப்பானிய ஆய்வாளர் யுடாகா இவாசாகி மூல ஆவணத்தைத் திரும்பப் படித்து அந்தப் பிழையைக் கண்டுபிடித்தார். அதைக் கொண்டு டிம் டெய்லரின் 'லாஸ்ட் 52' குழு 2019 ஜூனில் ஒகினாவாவுக்குத் தெற்கே கப்பலைக் கண்டது. முன்பு எதிரியாக இருந்த நாட்டின் ஆய்வாளர் ஒருவர் எடுத்துக்கொண்ட அக்கறையால் 80 குடும்பங்களுக்கு விடை கிடைத்தது. அதே குழுவின் தரவைக் கொண்டு, தளபதி சாமுவேல் டீலியின் 'ஹார்டர்' பிலிப்பைன்ஸின் லூசோன் தீவருகே இருப்பதைக் கடற்படை 2024இல் உறுதிசெய்தது.

அவற்றை மேலே கொண்டுவருவார்களா?

இல்லை. அவை கல்லறைகள். மூழ்கிய போர்க்கப்பல்களைத் தொந்தரவு செய்வதை 2004இல் வந்த அமெரிக்கச் சட்டம் தடுக்கிறது. படம் எடுப்பார்கள், இடத்தைக் குறித்துக்கொள்வார்கள், அப்படியே விட்டுவிடுவார்கள். அதுதான் சரி.

ஒரு நீர்மூழ்கியின் கதையை மட்டும் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

ஒன்றைச் சொல்ல முடியாது, இரண்டைத்தான் சொல்ல வேண்டும். 'ஸ்குவாலஸ்', 'ஸ்கல்பின்'.

1939 மே 23 அன்று நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத் அருகே சோதனை முழுக்கில் ஸ்குவாலஸ் சுமார் 74 மீட்டர் ஆழத்தில் தரைதட்டியது. பின்பகுதியில் தண்ணீர் புகுந்து 26 பேர் உடனே இறந்தார்கள். முன்பகுதியில் 33 பேர் உயிரோடு இருந்தார்கள். தேடிப்போய் அவர்கள் இருக்குமிடத்தைக் கண்டது அதே வகை நீர்மூழ்கியான, அதன் உடன்பிறப்பு ஸ்கல்பின். 'மெக்கன் மீட்புக் கூண்டு' என்ற மணி வடிவக் கலத்தை இறக்கி, நான்கு நடையில் 33 பேரையும் மேலே கொண்டுவந்தார்கள். அதுவரை நீர்மூழ்கி மூழ்கினால் உள்ளே இருப்பவர்கள் கதி அவ்வளவுதான் என்ற நிலை. அது அன்று மாறியது.

ஸ்குவாலஸைத் தூக்கிச் சரிசெய்து 'செயில்ஃபிஷ்' என்று பெயர் மாற்றிப் போருக்கு அனுப்பினார்கள். 1943 நவம்பர் 19 அன்று ஸ்கல்பின் ஜப்பானிய நாசகாரிக் கப்பலிடம் சிக்கியது. கப்பலைத் தாங்களே மூழ்கடித்துவிட்டு வெளியேறியவர்கள் சிறைபிடிக்கப்பட்டார்கள். உள்ளே இருந்த மூத்த அதிகாரி ஜான் குரோம்வெல், வரப்போகும் தாக்குதல் திட்டங்களும் ஜப்பானியச் சங்கேதங்கள் உடைக்கப்பட்ட ரகசியமும் தெரிந்தவர். சித்திரவதையில் வாய்திறந்துவிடக் கூடாது என்று கப்பலோடே இருந்துவிட்டார். சிறைபிடிக்கப்பட்டவர்களில் 21 பேரை 'சுயோ' என்ற விமானந்தாங்கிக் கப்பலில் ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பர் 4 அன்று புயலுக்கு நடுவே அந்தக் கப்பலை டார்பிடோவால் மூழ்கடித்தது செயில்ஃபிஷ். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அதன் வீரர்களுக்குத் தெரியாது. 21 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் தன்னைத் தேடிவந்து கண்டுபிடித்த கப்பலின் ஆட்களை, தெரியாமலே அது கொன்றுவிட்டது.

போர் முடிந்து இதை அறிந்த பிறகு செயில்ஃபிஷ் வீரர்கள் எத்தனை இரவுகள் தூக்கமில்லாமல் கிடந்திருப்பார்கள் என்பதற்கு எந்த ஆவணமும் இல்லை. வீடு திரும்பியவர்களின் வாழ்க்கையும் எழுதப்பட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பிழைத்து வந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

'டாங்' 1944 அக்டோபர் 25 அன்று கடைசி டார்பிடோவை ஏவியது. அது வட்டமாகத் திரும்பி வந்து டாங்கையே தாக்கியது. 87 பேரில் ஒன்பது பேர் பிழைத்தார்கள். சிலர் கடலடியில் கிடந்த கப்பலுக்குள்ளிருந்து மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு நீந்தி மேலே வந்தவர்கள். போர் முடியும்வரை ஜப்பானியச் சிறையில் அடிபட்டு, பட்டினி கிடந்து திரும்பினார்கள். தளபதி ரிச்சர்ட் ஓ'கேனுக்கு நாட்டின் மிக உயர்ந்த வீர விருது கிடைத்தது. அதற்கு முன் அவர் 'வாஹூ'வில் துணைத் தளபதியாக இருந்தவர். அவர் மாறி வந்த பிறகு 1943இல் வாஹூவும் எல்லோரோடும் மறைந்தது. 1994இல் அவர் இறந்தார். இரண்டு கப்பல்களின் நண்பர்களையும் இழந்த பிறகு அரை நூற்றாண்டு வாழ்ந்தவர் அவர்.

விருது பெற்ற தளபதிகளைத் தவிர மற்றவர்களை யாராவது நினைக்கிறார்களா?

நீர்மூழ்கியில் சமையல்காரரும் தளபதியும் ஒரே காற்றைத்தான் சுவாசிப்பார்கள். ஆபத்து வந்தால் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் வரும். அதனால் சமையல்காரர் உட்பட எல்லோரும் கப்பலின் ஒவ்வொரு குழாயையும் வால்வையும் கற்றுத் தேர்ச்சி பெற வேண்டும். தேறினால் சட்டையில் டால்ஃபின் சின்னம். அதிகாரிகளுக்குத் தங்க நிறம், மற்றவர்களுக்கு வெள்ளி. 1924 முதல் இந்தச் சின்னம் இருக்கிறது. நீர்மூழ்கி வீரருக்கு இதைவிடப் பெரிய பெருமை கிடையாது.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கறுப்பினத்தவர்களும் பிலிப்பைன்ஸ், குவாம் தீவுக்காரர்களும் நீர்மூழ்கிகளில் பெரும்பாலும் உணவு பரிமாறும் வேலையில்தான் வைக்கப்பட்டார்கள். சண்டை வந்தால் அவர்களும் பீரங்கிக்குக் குண்டு எடுத்துக்கொடுத்தார்கள், கப்பல் போனால் அவர்களும் போனார்கள். மறைந்தவர்களின் பட்டியல்களில் அவர்கள் பெயர்களும் இருக்கின்றன. அவர்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. ஒரு நீர்மூழ்கியின் வரலாற்றைத் தேடத் தொடங்கினால் முதலில் அவர்களைத் தேடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

நீர்மூழ்கி வீரர்களால் கொல்லப்பட்டவர்களை என்ன செய்வது?

நேர்மையான கேள்வி, தவிர்க்கக் கூடாத கேள்வியும்கூட. 1944 ஆகஸ்ட் 22 அன்று போஃபின் மூழ்கடித்த 'சுஷிமா மாரு' ஒகினாவாவிலிருந்து பாதுகாப்பான இடத்துக்கு மக்களை ஏற்றிச் சென்ற கப்பல். இறந்த 1,400க்கும் மேற்பட்டோரில் 700க்கும் அதிகமானவர்கள் பள்ளிப் பிள்ளைகள். நாஹா நகரில் அவர்களுக்கு நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. போஃபினில் இருந்தவர்களுக்கு அது அப்போது தெரியாது.

அதே ஆண்டு செப்டம்பர் 12 அன்று 'சீலயன்' மூழ்கடித்த ஜப்பானியக் கப்பலான 'ரகுயோ மாரு'வில் சுமார் 1,300 பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க் கைதிகள் இருந்தார்கள். சயாம்-பர்மா ரயில்பாதையில் வதைபட்டுப் பிழைத்தவர்கள் அவர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட அதே பாதை. சில நாள் கழித்து அந்தப் பக்கம் வந்த 'பம்பனிட்டோ', எண்ணெய் படர்ந்த கடலில் மிதந்தவர்கள் கைதிகள் என்று தெரிந்ததும் 73 பேரைத் தூக்கிக் காப்பாற்றியது. மற்ற நீர்மூழ்கிகளும் உதவிக்கு வந்தன. ஒரு மனிதரின் வாழ்க்கையை முழுதாக எழுதுவதென்றால் இதையும் எழுத வேண்டும். விட்டுவிட்டு எழுதினால் அவருக்கும் மரியாதை இல்லை, இறந்தவர்களுக்கும் இல்லை.

பனிப்போர் காலத்தில் பணியாற்றியவர்கள் எதுவும் சொல்லாமலே இறந்துவிட்டார்களே?

பலர் அப்படித்தான். 1960 முதல் அணு ஏவுகணை தாங்கிய நீர்மூழ்கிகள் இரண்டிரண்டு மாதங்களுக்கும் மேல் நீருக்கடியிலேயே ரோந்து இருந்தன. ஒரே கப்பலுக்கு நீலம், தங்கம் என்று இரண்டு குழுக்கள், மாறி மாறிப் போவார்கள். எங்கே போனார் என்று மனைவிக்குத் தெரியாது. வீட்டிலிருந்து 'ஃபேமிலிகிராம்' என்ற சில பத்துச் சொற்கள் கொண்ட செய்தியை மட்டும் அவ்வப்போது அனுப்பலாம். பதில் வராது. அனுப்புவதற்கு முன் கடற்படை படித்துப் பார்க்கும். மரணம், நோய் போன்ற கெட்ட செய்தி பெரும்பாலும் ரோந்து முடியும்வரை அவருக்குப் போய்ச் சேராது. பிள்ளை பிறந்ததை அந்தச் சில சொற்களில் அறிந்துகொண்ட அப்பாக்கள் நிறையப் பேர்.

1970களின் தொடக்கத்தில் 'ஹாலிபட்' ஓகோட்ஸ்க் கடலடியில் சோவியத் தொலைபேசிக் கம்பியில் ஒட்டுக்கேட்கும் கருவியைப் பொருத்தியது. அதில் இருந்தவர்கள் பல ஆண்டுகள் வீட்டிலும் வாய் திறக்கவில்லை. இப்படிப்பட்டவரைப் பற்றி எழுதும்போது ரகசியப் பணியை ஊகித்து எழுதாதீர்கள். வீட்டில் இருந்ததை எழுதுங்கள். அலமாரியில் பத்திரப்படுத்திய ஃபேமிலிகிராம்கள், அவர் இல்லாத பிறந்தநாள்கள், திரும்பி வந்த முதல் நாள் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றது என்று எழுத எவ்வளவோ இருக்கிறது. எந்தக் காப்பகத்திலும் இவை கிடைக்காது.

வயதாகி இறந்த வீரரின் இறுதிச் சடங்கில் என்ன செய்வார்கள்?

தகுதியுள்ள ஒவ்வொரு முன்னாள் படைவீரருக்கும், குடும்பம் கேட்டால், குறைந்தது இரண்டு சீருடைப் படையினர் வந்து மரியாதை செய்ய வேண்டும் என்று 2000 முதல் சட்டம் இருக்கிறது. 'டாப்ஸ்' என்ற ஊதுகொம்பு இசை ஒலிக்கும். கொடியை முக்கோணமாக மடித்துக் குடும்பத்திடம் தருவார்கள். உள்ளூர் நீர்மூழ்கி வீரர்கள் சங்கத்துக்குச் சொன்னால் அவர்களும் வந்து, தங்கள் வழக்கப்படி உரை வாசித்து மணி அடிப்பார்கள். டால்ஃபின் சின்னத்தை உடலோடு வைப்பதா, வீட்டில் வைத்துக்கொள்வதா என்பது குடும்பத்தின் விருப்பம்.

அஸ்தியை நீர்மூழ்கியிலிருந்து கடலில் கரைக்க முடியுமா?

முடியும். கண்ணியமாகப் பணி முடித்தவர்களுக்குக் கடற்படை இதைச் செய்துதருகிறது. நீர்மூழ்கியில்தான் வேண்டும் என்று கேட்கலாம். கிடைப்பது கப்பல்களின் பயணத்தைப் பொறுத்தது. கப்பல் பணிக்குப் போகும்போது நடப்பதால் குடும்பத்தார் கூடப் போக முடியாது, அதுதான் பலருக்கும் வருத்தம். ஆனால் நாள், நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் எழுதித் தளபதியிடமிருந்து கடிதம் வரும். போரில் மறைந்தவர்களின் தாய்மார்களுக்கு இந்த ஒரு வரித் தகவல்தான் கிடைக்காமல் போனது.

நினைவுக் குறிப்பு எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவது?

'வீரர், நாட்டுப்பற்று மிக்கவர், அனைவரிடமும் அன்பாகப் பழகியவர்' என்ற வரியை எழுதி முடித்துவிட்டால் அது யாருக்கும் பொருந்தும், அவருக்குப் பொருந்தாது. எந்த நீர்மூழ்கி, எந்த ஆண்டு, உள்ளே அவர் வேலை என்ன என்று தொடங்குங்கள். படுக்கை எங்கே இருந்தது? டார்பிடோக்களுக்கு மேலே தூங்கியவர்கள் உண்டு. ஒரே படுக்கையை முறைவைத்துப் பகிர்ந்தவர்கள் உண்டு. டால்ஃபின் வாங்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? கூட இருந்தவர்கள் வைத்த பட்டப்பெயர் என்ன? பழைய டீசல் நீர்மூழ்கிகளில் இருந்தவர்களின் துணிகளில் எப்போதும் டீசல் வாடை இருக்கும், அதைப் பற்றி வீட்டில் என்ன சொன்னார்கள்?

அப்புறம், கப்பலைவிட்டு வந்த பின்னான வாழ்க்கை. அணுசக்திப் பயிற்சி பெற்ற பலர் மின்நிலையங்களில் வேலைக்குப் போனார்கள். சிலர் ஆசிரியராக, சிலர் விவசாயியாக, சிலர் தபால்காரராக. கப்பலில் இருந்தது நான்கு ஆண்டு, அதற்குப் பின் வாழ்ந்தது 50 ஆண்டு என்றால் அந்த 50க்கும் இடம் கொடுங்கள். குடித்தார், கோபப்பட்டார், பேசாமலே இருந்தார் என்றால் அதையும் மென்மையாக எழுதலாம்.

குடும்பக் கதையாக வந்த வீரச் செயல்களை அப்படியே எழுதிவிடாதீர்கள். எத்தனை ரோந்து, எந்தக் கப்பல் மூழ்கியது என்பதையெல்லாம் சரிபார்க்க வழி இருக்கிறது.

எந்த ஆவணங்களைத் தேட வேண்டும்?

பணியிலிருந்து விடுபட்டபோது கொடுக்கும் 'டிடி 214' சான்றிதழ் முதலில். சங்கத்துக்கும் கல்லறை நிர்வாகத்துக்கும் அதுதான் தேவை. பணிக் கோப்பு செயின்ட் லூயிஸ் நகரின் தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் இருக்கும். 1973இல் அங்கே நடந்த பெரும் தீ விபத்தில் அழிந்தவை தரைப்படை, விமானப்படைக் கோப்புகள்தான், கடற்படைக் கோப்புகள் தப்பின. எனவே எரிந்துபோயிருக்கும் என்று நினைத்துக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். கப்பல்களின் நாட்குறிப்பேடுகளும் இரண்டாம் உலகப் போர் ரோந்து அறிக்கைகளும் தேசிய ஆவணக் காப்பகத்தில் உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2000இல் தொடங்கிய படைவீரர் வரலாற்றுத் திட்டத்துக்கு, மறைந்தவரின் கடிதங்களையும் புகைப்படங்களையும் குடும்பத்தார் கொடுக்கலாம். உயிரோடு இருப்பவர் என்றால் இன்றைக்கே அரை மணி நேரமாவது பேட்டி எடுத்துவிடுங்கள். இரண்டாம் உலகப் போர் நீர்மூழ்கி வீரர்களின் சங்கம், ஆட்கள் குறைந்துபோனதால், 2012இல் கலைக்கப்பட்டுவிட்டது.

இந்தியாவிலும் இலங்கையிலும் இப்படி நினைவுகள் உண்டா?

உண்டு. இந்தியக் கடற்படையின் முதல் நீர்மூழ்கி 'கல்வரி' 1967 டிசம்பர் 8 அன்று பணியில் சேர்ந்தது. அந்த நாள் நீர்மூழ்கி நாளாக நினைக்கப்படுகிறது. 2013 ஆகஸ்ட் 14 அன்று மும்பைத் துறைமுகத்தில் வெடித்து மூழ்கிய 'சிந்துரக்‌ஷக்'கில் 18 பேர் இறந்தார்கள். விசாகப்பட்டினம் கடற்கரையில் 'குர்சுரா' அருங்காட்சியகமாக நிற்கிறது. அதே விசாகப்பட்டினத்துக்கு வெளியே கடலடியில், 1971 போரில் மூழ்கிய பாகிஸ்தானின் 'காஸி' 90க்கும் மேற்பட்டவர்களோடு கிடக்கிறது. அது 'டயாப்லோ' என்ற பெயரில் அமெரிக்கா கட்டிய நீர்மூழ்கி. திருகோணமலை, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளின் தளம். அங்கிருந்து ரோந்துக்குப் போன 'ஸ்டோன்ஹெஞ்ச்' 1944 மார்ச்சில் திரும்பி வரவில்லை.

நினைவு நிகழ்ச்சிக்கு உறவினர் அல்லாதவர்கள் போகலாமா?

தாராளமாக. பெரும்பாலும் எல்லோருக்கும் திறந்தவைதான். நினைவு நாள் தவிர, அமெரிக்கக் கடற்படை முதல் நீர்மூழ்கியான 'ஹாலண்ட்'டை 1900இல் வாங்கிய ஏப்ரல் 11ஐ ஒட்டியும், த்ரெஷர், ஸ்கார்ப்பியன் மறைந்த நாள்களை ஒட்டியும் பல ஊர்களில் கூடுவார்கள். முடிந்த பிறகு அங்கே நிற்கும் முதியவர்களிடம் 'எந்த போட்டில் (நீர்மூழ்கியில்) இருந்தீர்கள்?' என்று கேளுங்கள். பெரும்பாலும் நன்றாகப் பேசுவார்கள். பெயர்களையும் ஆண்டுகளையும் அங்கேயே குறித்துக்கொண்டு, அவர் சம்மதித்தால் ஒரு பிரதியை அவர் பிள்ளைகளுக்கும் அனுப்பிவையுங்கள். அவர்கள் அதுவரை கேட்டிராத ஏதாவது ஒன்று அதில் இருக்கலாம்.